மைனஸ் டூன்னா அரை மீட்டர், பாஸ்!

முதல்ல ஒரு சின்ன வேலை. பர்ஸுக்குள்ளயோ, ஹாஸ்டல் பெட்டிக்கு அடியிலயோ, கண்ணாடிக் கடையில குடுத்த சீட்டு ஒண்ணு கசங்கிக் கிடக்கும். அதைத் தேடி எடுங்க. கண்ணாடியே போடாத புண்ணியவான்கள், பக்கத்து சீட்டுக்காரரோடதைச் சுட்டுக்கங்க.

எடுத்தாச்சா? அதுல ஒரு கட்டம் இருக்கும். 'ஆர்.இ.', 'எல்.இ.'ன்னு ரெண்டு வரிசை. வலது கண், இடது கண். எதிர்ல 'ஸ்பியர்', 'சிலிண்டர்', 'ஆக்ஸிஸ்'னு மூணு காலம். உள்ளே -2.25, -0.75, 180ன்னு பேங்க்ல இருந்து வர்ற ஓ.டி.பி. மாதிரி ஏதேதோ நம்பர்கள்.

பத்து வருஷமா கண்ணாடி போடுற ஆள்கிட்ட, "இந்த -2.25ன்னா என்ன மச்சி?"ன்னு கேட்டுப் பாருங்க. "அதான்டா, பவரு"ம்பான். "பவருன்னா?" "அட, பவருன்னா பவருடா!" மேட்டர் ஓவர்.

நம்ம ஊர்ல இந்த நம்பரை ஒரு மார்க் ஷீட் மாதிரிதான் பார்க்கிறாங்க. "உனக்கு ரெண்டா? எனக்கு நாலு. ஐயையோ!" பொண்ணுக்கு வரன் பார்க்கிற வீட்டுல போட்டோ எடுக்கும்போது, "கண்ணாடியைக் கழட்டும்மா"ன்னு ஒரு குரல் கண்டிப்பா கேட்கும். ஆனா, அந்த நம்பர் சொல்றது ஒரு தூரம். ஸ்கேல் வச்சு அளக்கக்கூடிய சாதாரண தூரம். இந்த வாரம் அந்தச் சீட்டைப் படிக்கக் கத்துக்குவோம், வாங்க!

நூறை வகுங்க, விடை வரும்

ப்ளஸ் டூ ஃபிசிக்ஸை ஒரு நிமிஷம் தூசி தட்டுங்க. லென்ஸோட திறன்னா, ஒன்றை அதோட குவியத் தூரத்தால வகுக்கணும். தூரத்தை மீட்டர்ல போடணும். விடையோட அலகு டயாப்டர். இந்த அலகை 1872ல சிபாரிசு பண்ணினவர் ஃபெர்டினாண்ட் மோனோயேங்கிற பிரெஞ்சு கண் டாக்டர். மனுஷன் பயங்கரக் குசும்பன். பார்வையைச் சோதிக்க அவர் தயாரிச்ச எழுத்து அட்டையில, ரெண்டு ஓரத்து எழுத்துகளையும் கீழேயிருந்து மேலே படிச்சா அவர் பேரே வரும்!

இப்போ கணக்கு. உங்களுக்கு மைனஸ் 2ன்னு வச்சுக்கங்க. 100ஐ 2ஆல் வகுத்தா 50. அதாவது, கண்ணாடி இல்லாம உங்க கண்ணுக்கு 50 சென்டிமீட்டர் வரைக்கும் எல்லாம் பளிச். அதைத் தாண்டினா மங்கல் ஆரம்பம். மைனஸ் 1ன்னா ஒரு மீட்டர். மைனஸ் 4ன்னா 25 சென்டிமீட்டர். மைனஸ் 5ன்னா 20. உங்க தெளிவான உலகத்தோட எல்லைக்கல் எங்கே நட்டிருக்குன்னுதான் அந்தச் சீட்டு சொல்லுது.

நம்பிக்கை வரலையா? ஒரு கண்ணை மூடுங்க. கண்ணாடியைக் கழட்டிட்டு, இந்தப் பக்கத்தை மூக்குக்குப் பக்கத்துல இருந்து மெதுவா தள்ளிக்கிட்டே போங்க. எழுத்து லேசா கலைய ஆரம்பிக்கிற இடத்துல நிறுத்தி, ஃப்ரெண்டை விட்டு ஸ்கேலால அளக்கச் சொல்லுங்க. 100ஐ அந்தச் சென்டிமீட்டரால வகுங்க. சீட்டுல இருக்கிற நம்பருக்குப் பக்கத்துல வந்து நிக்கும். கிட்டப்பார்வைக்காரங்களுக்கு மட்டும்தான் இந்த விளையாட்டு. சிலிண்டர் நிறைய இருந்தா கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். இதை வச்சுக்கிட்டுக் கண்ணாடி வாங்கப் போயிடாதீங்க!

ஒரு மில்லிமீட்டர் தகராறு

சரி, அந்த எல்லைக்கல் ஏன் நம்ம மூக்குக்குப் பக்கத்துல வந்து நட்டுக்குது?

வளர்ந்த ஒருத்தரோட கண்ணு முன்னேயிருந்து பின்னே ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். அதோட மொத்தத் திறன் சுமார் 60 டயாப்டர். 'கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ்தானே எல்லா வேலையும் செய்யுது'ன்னு நாம நினைப்போம். அதுல மூணுல ரெண்டு பங்கு வேலையை, முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்கிற கருவிழிப் படலமே முடிச்சிடுது. உள்ளே இருக்கிற லென்ஸ், வடிவத்தை மாத்தி மாத்தி ஃபைன் ட்யூனிங் பண்ணும்.

இப்போ இந்த விழிக்கோளம் கொஞ்சம் நீளமா வளர்ந்துட்டா? தூரத்திலிருந்து வர்ற ஒளி, விழித்திரைக்கு முன்னாலேயே குவிஞ்சிடும். திரையில விழறது மங்கலான பிம்பம். இதுதான் கிட்டப்பார்வை. எவ்வளவு நீளம் கூடினா இந்தக் கதி தெரியுமா? ஒரு மில்லிமீட்டருக்குச் சுமாரா இரண்டரையில இருந்து மூணு டயாப்டர் வரைக்கும் மைனஸ் ஏறிடும். ஸ்கேல்ல பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு சின்னக் கோட்டுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி. 'சோடாபுட்டி'ன்னு நாம கலாய்க்கிற ஆளுக்கும் நமக்கும் இருக்கிற வித்தியாசம், ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்தான்!

போர்டு பக்கத்துல வருது

மைனஸ் லென்ஸ் என்ன பண்ணுது? நடுவுல மெலிசா, ஓரத்துல தடிமனா இருக்கிற குழிலென்ஸ் அது. தூரத்திலிருந்து வர்ற ஒளியைக் கொஞ்சம் விரிச்சு விடும். அப்படி விரியும்போது, அந்த ஒளி பக்கத்துல இருந்து கிளம்பி வர்ற மாதிரி கண்ணுக்குத் தோணும்.

உங்களுக்கு மைனஸ் 2. போர்டு 6 மீட்டர் தள்ளி இருக்கு. லென்ஸ் சூத்திரத்துல போட்டுப் பாருங்க, பிம்பம் விழற இடம் கண்ணுக்கு முன்னால ஏறக்குறைய 46 சென்டிமீட்டர். உங்க எல்லைக்கல் 50ல. ஆக, அந்தப் பிரமாண்டமான கரும்பலகையோட சின்ன நேரான பிம்பம் ஒண்ணை, உங்க எல்லைக்குள்ள கொண்டுவந்து வச்சிடுது கண்ணாடி. உங்க கண்ணு எப்பவும்போல அரை மீட்டருக்குள்ளதான் பார்க்குது. பஸ் போர்டு, தியேட்டர் ஸ்கிரீன், நிலா எல்லாமே அந்த அரை மீட்டருக்குள்ள வந்து நின்னு ஆஜர் சொல்லிட்டுப் போகுது. கழட்டினா கண்ணு பழைய கண்ணுதான். கண்ணாடி அதைக் குணப்படுத்தவும் இல்ல, கெடுக்கவும் இல்ல.

இதுல ஒரு காமெடி. இத்தாலியில மூக்குக்கண்ணாடி வந்தது 1286ஐ ஒட்டின வருஷங்கள்ல. அது எப்படி வேலை செய்யுதுன்னு சரியா விளக்கினவர், கோள்களோட பாதையைக் கண்டுபிடிச்ச நம்ம கெப்ளர்தான். வருஷம் 1604. பிம்பம் விழித்திரையிலதான் விழுதுன்னு சொல்லி, குழிலென்ஸும் குவிலென்ஸும் அதை எப்படி நகர்த்துதுன்னும் சொன்னார். அதாவது முந்நூறு வருஷத்துக்கு மேல ஜனங்க, 'ஏன்'னு தெரியாமலே போட்டுப் பார்த்து, தெளிவாத் தெரிஞ்சதை வாங்கிட்டுப் போயிருக்காங்க!

காதால வாங்கின மார்க்

என் ரூம்மேட் ஒருத்தன். பேரு வேண்டாம், அடிக்க வருவான். கிராமத்து ஸ்கூல், நல்ல உயரம், அதனால எப்பவும் கடைசி பெஞ்ச். ஃபர்ஸ்ட் இயர்ல காலேஜ்ல நடந்த கண் முகாம்லதான் வாழ்க்கையில முதல் தடவையா டெஸ்ட் பண்ணினான். ரெண்டு கண்ணுலயும் மைனஸ் 3.50.

கணக்குப் போடுங்க. 28 சென்டிமீட்டர். ஒரு அடி ஸ்கேலுக்கும் குறைவு. அதுக்கு அப்பால இருந்த ஸ்கூல் முழுக்க அவனுக்கு மூட்டம்தான். "அப்புறம் எப்படிடா ப்ளஸ் டூ பாஸ் பண்ணினே?"ன்னு கேட்டேன். "சார் எழுதும்போது வாயால சொல்லிக்கிட்டே எழுதுவாருல்ல, அதைக் கேட்டு எழுதுவேன். சொல்லாம எழுதினா பக்கத்துல இருக்கிறவன் நோட்டைப் பார்ப்பேன். காப்பி அடிக்கிறேன்னு அடி விழும்"னான். பஸ் நம்பர் தெரியாது. தெரிஞ்ச முகங்கள் எந்த பஸ்ல ஏறுதோ, அதுல ஏறிடுவானாம்.

"ஒரு தடவைகூட வீட்ல சொல்லலையா?"ன்னதுக்கு அவன் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம். "எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நெனைச்சேன்டா."

யோசிச்சுப் பாருங்க. மங்கலாத் தெரியுறவங்களுக்கு, அது மங்கல்னே தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க அவங்ககிட்ட வேற கண்ணு இல்லையே! வலியும் இருக்காது. ஆக, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் போர்டைப் பார்க்கிறவங்களை, பக்கத்துல இருக்கிற நாமதான் கண்டுபிடிக்கணும்.

அதென்ன கண்ணைச் சுருக்கினா தெரியுது? ஒரு அட்டையில காம்பஸ் முனையால சின்னதா ஓட்டை போட்டு, கண்ணாடி இல்லாம அது வழியா தூரத்துல இருக்கிற போஸ்டரைப் பாருங்க. எழுத்து தெளியும். ஓட்டை சின்னதா இருந்தா ஒளி மெல்லிய கற்றையா மட்டும் உள்ளே போகும், மங்கல் வட்டமும் சின்னதாகிடும். கண்ணைச் சுருக்கும்போதும் இதேதான் நடக்குது. டாக்டர்களும் இந்த டெக்னிக்கை வச்சிருக்காங்க. ஓட்டை வழியா தெளிஞ்சா, அனேகமா லென்ஸால சரியாகிற பிரச்னை. அப்பவும் தெளியலைன்னா, வேற ஏதாவது இருக்கலாம். உடனே கண் டாக்டர்கிட்ட போயிடணும். தப்பித் தவறியும் அந்த ஓட்டை வழியா சூரியனைப் பார்க்கக் கூடாது!

ப்ளஸ் பார்ட்டிகள்

கோளம் நீளம் குறைஞ்சா தூரப்பார்வை. பிம்பம் திரைக்குப் பின்னால போகும், அதை முன்னே இழுக்க ப்ளஸ் லென்ஸ் வேணும். நம்ம வயசுல இது நைஸா ஏமாத்தும். கண்ணுக்குள்ள இருக்கிற தசை இறுக்கிப் பிடிச்சு லென்ஸைக் குண்டாக்கிச் சமாளிச்சிடும். எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் படிச்சிடுவாங்க. ஆனா ஒரு மணி நேரம் படிச்சா தலைவலி. 'படிக்கச் சொன்னாலே இவனுக்குத் தலைவலி வந்துடும்'னு வீட்ல திட்டு வாங்குறவங்க, ஒரு தடவை கண்ணை டெஸ்ட் பண்ணிக்கங்கப்பா. நிஜமாவே காரணம் இருக்கலாம்!

நாற்பது தாண்டினா வேற கதை. உள் லென்ஸ் இறுகிடும், வடிவம் மாத்த முடியாது. பக்கத்துல இருக்கிறது தெரியாது. இதுதான் வெள்ளெழுத்து. சீட்டுல 'ஆட்'னு ஒரு காலம் இருக்குமே, அது இவங்களுக்குத்தான். மைனஸ் 2 போட்ட சித்தப்பா, பேப்பர் படிக்கும்போது மட்டும் கண்ணாடியை நெத்திக்கு ஏத்துறாரா? இப்போ உங்களுக்கே காரணம் தெரியும். அவரோட எல்லைக்கல் சரியா பேப்பர் இருக்கிற தூரத்துல நட்டிருக்கு!

சிலிண்டர்னா கேஸ் இல்ல

அடுத்த காலம். கருவிழிப் படலம் கிரிக்கெட் பந்து மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே வளைவா இருந்தா பிரச்னை இல்ல. சிலருக்கு அது ஸ்பூனோட முதுகு மாதிரி, ஒரு பக்கம் அதிகமாவும் குறுக்கே குறைச்சலாவும் வளைஞ்சிருக்கும். அப்போ ஒரு புள்ளி புள்ளியா குவியாம, கோடா இழுபடும். எந்தத் திசையில வளைவு மாறுதோ, அந்தத் திசைக்கு மட்டும் சரிக்கட்டுறதுதான் சிலிண்டர் பவர். எந்தக் கோணத்துல அதைத் திருப்பி வைக்கணும்னு சொல்றது ஆக்ஸிஸ். 1ல இருந்து 180 டிகிரி வரைக்கும்.

இதை லென்ஸ் போட்டு சரி பண்ணினவர் டாக்டர் இல்ல பாஸ். ஜார்ஜ் ஏரின்னு கேம்பிரிட்ஜ்ல இருந்த இருபதுகளின் தொடக்க வயசு இளைஞர், வானவியல் ஆள். இடது கண்ணால படிக்கவே முடியல. சும்மா இருந்தாரா? அட்டையில ஊசி ஓட்டை போட்டு, ஒளிப்புள்ளி எந்தத் தூரத்துல எந்தப் பக்கமா கோடாகுதுன்னு அளந்தார். கணக்குப் போட்டார். இப்ஸ்விச் நகர்ல ஒரு கண்ணாடிக்காரர்கிட்ட சொல்லி, உருளை வடிவத்துல லென்ஸ் செஞ்சு வாங்கிப் போட்டுக்கிட்டார். 1825ல அதை அறிக்கையாவும் சமர்ப்பிச்சார். தன் கண்ணையே மினி ப்ராஜெக்ட்டா எடுத்து முடிச்ச ஆள்!

உங்க கண்ணாடியில சிலிண்டர் இருக்கான்னு நீங்களே பார்க்கலாம். கையை நீட்டிக் கண்ணாடியைப் பிடிச்சு, ஒரு கண்ணால லென்ஸ் வழியா கதவு நிலையைப் பாருங்க. கண்ணாடியைப் பக்கவாட்டில நகர்த்தினா, நிலை அதே பக்கம் நகர்ந்தா மைனஸ், எதிர்ப்பக்கம் ஓடினா ப்ளஸ். வண்டி ஸ்டீயரிங் மாதிரி சுத்தும்போது நிலை சாய்ஞ்சு சாய்ஞ்சு ஆடினா, சிலிண்டர் உண்டு!

'போட்டா பவர் ஏறிடும்'

ஊர் முழுக்க ஓடுற வதந்தி இது. பாதி பேர் கண்ணாடியைப் பைக்குள்ளேயே வச்சிருக்கக் காரணமும் இதுதான். பவர் ஏறுறது நிஜம். ஆனா காரணம் கண்ணாடி இல்ல. உடம்பு வளர்ற வயசுல விழிக்கோளமும் நீளுது. பொதுவா இருபதுகளின் தொடக்கத்துல அந்த வேகம் அடங்கும்.

'கொஞ்சம் குறைச்சே போட்டா ஏறாது'ன்னும் ஒரு கட்சி உண்டு. மலேசியாவுல கிட்டப்பார்வை உள்ள 94 குழந்தைகளை வச்சு இதைச் சோதிச்சு, 2002ல முடிவை வெளியிட்டாங்க. ஒரு பாதிக்கு முழு பவர், மறுபாதிக்கு 0.75 குறைச்சல். ரெண்டு வருஷத்துல முழு பவர் போட்டவங்களுக்குச் சராசரியா ஏறினது 0.77. குறைச்சுப் போட்டவங்களுக்கு 1.00. குறைச்சதுல ஒரு பிரயோஜனமும் இல்ல!

வீட்ல தம்பி தங்கச்சி இருந்தா வேற ஒண்ணு பண்ணுங்க. வெளியே விளையாட விடுங்க. சீனாவில குவாங்சோ நகரத்துல 12 ஆரம்பப் பள்ளிகள்ல சோதனை. பாதிப் பள்ளிகள்ல தினமும் கூடுதலா 40 நிமிஷம் வெளியில. மூணு வருஷம் கழிச்சுப் பார்த்தா, புதுசா கிட்டப்பார்வை வந்தவங்க மத்த பள்ளிகள்ல 39.5 சதவிகிதம், இந்தப் பள்ளிகள்ல 30.4. முடிவு வந்தது 2015ல. 'வெயில்ல ஆடாதே'ன்னு கத்துற அம்மாக்கள் கவனிக்க!

கடைக்குப் போறீங்களா?

மைனஸ் அதிகம்னா சின்ன ஃப்ரேமா எடுங்க. குழிலென்ஸ் ஓரத்துலதான் தடிக்கும். சின்ன ஃப்ரேம்ல அந்த ஓரம் வெட்டுப்பட்டுப் போயிடும். சோடாபுட்டி காலி! சாதாரண பிளாஸ்டிக் லென்ஸோட ஒளிவிலகல் எண் சுமார் 1.5. அதுவே 1.6, 1.67, 1.74ன்னு ஏற ஏற லென்ஸ் மெலியும், பில் தடிக்கும். பவர் கம்மின்னா அந்தச் செலவு தேவையில்ல.

கான்டாக்ட் லென்ஸ் போடப்போறீங்கன்னா கண்ணாடிச் சீட்டை அப்படியே நீட்டாதீங்க. கண்ணாடிக்கும் கண்ணுக்கும் நடுவுல ஒரு சென்டிமீட்டருக்கு மேல இடைவெளி இருக்கே! மைனஸ் 8 கண்ணாடி, கண்ணு மேலேயே உட்காரும்போது ஏறக்குறைய மைனஸ் 7.25 ஆகிடும்.

லேசர் ஆபரேஷன்? கருவிழிப் படலத்தைச் செதுக்கித் தட்டையாக்குறாங்க. கண்ணாடி செய்ற வேலையை அந்தப் படலமே செய்யும். ஆனா விழிக்கோளத்தோட நீளம் குறையாது. அதனால மைனஸ் 6, 7ன்னு இருந்தவங்க, ஆபரேஷனுக்கு அப்புறமும் வருஷா வருஷம் விழித்திரையைக் காட்டணும். திடீர்னு மின்னல் வெட்டுற மாதிரியோ, கறுப்புப் புள்ளிகள் மழையா கொட்டுற மாதிரியோ, திரை இறங்குற மாதிரியோ தெரிஞ்சா, அன்னிக்கே டாக்டர்கிட்ட ஓடணும்.

கடைசியா ஒரு ஹோம்வொர்க்

அஸ்ஸாம்ல 40 வயசு தாண்டின 751 தேயிலைத் தொழிலாளர்களை வச்சு நடந்த ஆய்வு 2018ல வெளியாச்சு. பாதி பேருக்குப் பக்கத்துல பார்க்க உதவுற சாதாரண ப்ளஸ் கண்ணாடியை முதல்லயே குடுத்துட்டாங்க, மீதி பேருக்கு ஆய்வு முடிஞ்ச பிறகு. சில வாரத்துல, கண்ணாடி போட்டவங்களோட இலை பறிக்கிற அளவு, மத்தவங்களைவிட 21.7 சதவிகிதம் கூடுதலா ஏறிடுச்சு. கை பழைய கைதான், தோட்டமும் அதே தோட்டம்தான். எந்தத் தளிரைக் கிள்ளணும்னு கண்ணுக்குத் தெரிஞ்சது, அவ்வளவுதான்!

நம்ம வீட்லயும் ஒருத்தங்க இருக்காங்க. அரிசியில கல்லு தப்பிச்சா, "வயசாயிடுச்சுப்பா"ன்னு சிரிச்சு மழுப்புறவங்க. மாத்திரை அட்டையைக் கையை நீட்டிப் பிடிச்சுப் படிக்கிறவங்க. இந்த லீவுக்கு ஊருக்குப் போறப்ப, "ஊசியில நூல் கோத்துக் குடுடா"ன்னு அம்மா கூப்பிடுவாங்க. கோத்துக் குடுங்க. அப்படியே சட்டையை மாட்டிக்கிட்டு, கண் டெஸ்ட்டுக்கும் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுங்க!